நீலக் கம்பியில் தொண்ணூற்று நாலு

எனக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பிய அன்று, கேசரித் தட்டும் கையுமாக நின்றுகொண்டு சர்வீஸ் சென்டர் பையன்களில் ஒருவர் கேட்டார்.

"அண்ணே, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நீங்க மட்டும் ஏண்ணே 'வையி'ன்னு சொல்லவே மாட்டேங்குறீக?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் என்னைப் போலவே கழுத்தைச் சாய்த்து, ஸ்க்ரூடிரைவரால் மேசையை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். எங்கள் தொழிலில் மீட்டர் பிடிப்பவர் ஒருவர், கம்பியைத் தொடுபவர் ஒருவர். மீட்டர் பிடிப்பவர் பார்த்துவிட்டு "வையி" என்பார். மற்றவர் கையை வைப்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வெறும் விரல் செம்பின் மேல் இறங்குகிறது. நான் பதினோரு வருடமாக அதைச் சொன்னதில்லை. பலகையை இரண்டு முறை தட்டுவேன். அவ்வளவுதான்.

"வாயில சுளுக்குப்பா" என்றேன். சிரித்தார்கள். கேசரி இனித்தது. அன்று சாயங்காலம் தேனியிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் கை வைக்கக் கூசியது. அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது ஆகவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கி, எண்கள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. மீட்டர் பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேலை? நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

படித்தது ஐ.டி.ஐ. அதன் பிறகு மோட்டார் காயில் கட்டும் கடைகளில் சில வருடம், வார்னிஷ் வாசனையில். கம்பியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்தவை டெஸ்டரும், இரண்டு பல்பை வரிசையாக இணைத்த ஹோல்டரும். எரிந்தால் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. இடையில் ஒன்றும் கிடையாது. தொண்ணூற்றாறில் பம்பு மோட்டார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார்கள். வோல்ட்டில் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு ஊசிகளையும் எதிலும் படாமல் காற்றில் தொங்கவிட்டேன். எண்கள் ஓடின. மூன்று, ஏழு, நான்கு, ஒன்பது. எதையும் தொடவில்லை. அறையில் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் மூச்சு விடுவதைப் போலிருந்தது.

அந்த மீட்டரால் நான் செய்த முதல் தவறு ரொம்பச் சாதாரணமானது. ஒரு மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க, சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் சொருகியிருந்தேன். பார்த்து முடித்ததும் அதை எடுத்து வோல்ட் துளையில் மாற்றவில்லை. குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு, அடுத்த தோட்டத்தில் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளில் ஊசிகளை வைத்தேன். ஆம்பியர் துளை என்பது உள்ளே வெறும் கம்பி மாதிரி. நேராகக் குறுக்கே கம்பியைப் போட்டதற்குச் சமம். பளீரென்று ஒரு வெள்ளை. ஊசியின் நுனி உருகிப் போயிருந்தது. மீட்டரின் முதுகைத் திறந்து பார்த்தால், சின்ன ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எனக்குப் புருவம் மட்டும்தான் போனது.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் மேடம் சூப்பர்வைசராக வந்தார். டிப்ளமா முடித்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். போடி பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு ஏலக்காய்க் கடை. விவசாயிகள் முதலில் "பாப்பா" என்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது "டீச்சரம்மா" ஆகிவிடுவார். என் புருவத்தைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"அண்ணே, மை வாங்கித் தரவா?"

அவர் மீட்டரைக் கையாளும் விதம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. முதலில் வயர்களை முழு நீளத்துக்கு விரலால் மடித்து மடித்துப் பார்ப்பார், உறை எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று. விரல்கள் ஊசியின் தடுப்பு வளையத்துக்கு இந்தப் பக்கமே இருக்கும். கறுப்பு வயரைக் கிளிப் போட்டு எர்த்தில் கவ்வ விட்டுவிடுவார். இடது கை முதுகுக்குப் பின்னால் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் கையால்தான் வேலை. இரண்டு கையும் முன்னால் இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்பார், பஸ் ரூட் சொல்வதைப் போல. மீட்டரைப் பையில் வைக்கும் முன் ஒரு கேள்வி உண்டு.

"சிவப்பு வீட்டுக்கு வந்துருச்சா?"

வோல்ட் துளைதான் சிவப்புக்கு வீடு. வந்துவிட்டது என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அவருடைய இன்னொரு முறை, மூன்று பார்வை. செத்துவிட்டது என்று நினைக்கும் கம்பியை நேராகப் போய்ப் பார்க்கக் கூடாது. முதலில் உயிர் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் ஊசியை வைத்துப் பார். பிறகு செத்த கம்பி. பிறகு மறுபடி உயிருள்ள இடம்.

"நடுவுல மீட்டரே செத்திருந்தா அதுவும் சைபர்தானண்ணே காட்டும்? செத்தவன் சாட்சி எடுபடாது."

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருந்தது. நாங்கள் அதற்குப் பேய் வோல்ட் என்று பெயர் வைத்திருந்தோம்.

நீளமான வயர்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுப் போகும்போது, துண்டித்துவிட்ட கம்பியும் பக்கத்துக் கம்பியின் துடிப்பை வாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் மீட்டர் கரண்டை இழுப்பதேயில்லை, முகர்ந்து மட்டும் பார்க்கிறது. அதனால் அந்த நிழலையும் எண்ணாகக் காட்டிவிடும். நாற்பது, அறுபது, எண்பது. பல்பைப் போட்டால் எரியாது. எண்ணும் சைபருக்கு விழுந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது முதுகில் சில்லிட்டது. கழற்றி வீசிய கம்பி, இரண்டு பக்கமும் காற்றில், அதில் எழுபத்திரண்டு. பத்தாவது தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. பிறகு எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டாகிவிட்டது: நூற்றுக்குக் கீழே என்றால் பேய். கை வைக்கலாம். பல்பை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லுவார். ஆனால் பல்பு எப்போதும் ஜீப்பில் இருக்கும். ஜீப்பு எப்போதும் வெயிலில் நிற்கும்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். சித்திரை மாதம், உச்சிப்பொழுது. பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் பச்சையாகிவிடும். கையும் முகமும் தண்ணீருக்கடியில் இருப்பதைப் போலத் தெரியும். மருந்தடித்த இலைகளின் நீலப் பொடி தோளில் உதிரும். பறவைச் சத்தம் கிடையாது. பந்தலின் நடுவே அறுபது அடிக் கிணறு. உள்ளே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள். பாதி ஆழத்தில் குறுக்கே ஓர் இரும்பு கர்டர், அதன் மேல் மோட்டார்.

தோட்டம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு. பேச்சுவார்த்தை கிடையாது. நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், தண்ணீருக்கு முறை வைத்துக்கொண்டார்கள். கரண்ட் சர்வீஸை மட்டும் பிரிக்க முடியவில்லை, அது செத்துப்போன அப்பா பெயரில் இருந்தது. புதிதாக வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே பலகையிலிருந்து கிணற்று மோட்டாருக்கு அண்ணன் வயரும், தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கும் போர் மோட்டாருக்குத் தம்பி வயரும் போயின.

சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரும் மூன்று கம்பியில், கரண்ட் மரத்தில் நீலக் கம்பியின் ஃபியூஸ் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் சொல்லணுமா, அவன் சொல்லட்டும் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். மூன்று கம்பியில் ஓட வேண்டிய மோட்டாரை இரண்டில் ஓட்டியதால் அண்ணனுடைய ஸ்டார்ட்டர் கருகியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வயரை நேராகப் பலகையில் ஃபியூஸ் மாட்டும் பீங்கான் பீஸ் கட்டையில் கொடுத்தார். கட்டையைச் சொருகினால் ஓடும், உருவினால் நிற்கும். பிறகு மோட்டாரும் கருகியது. எங்களைக் கூப்பிட்டார்.

எங்கள் ஆட்களில் கிணற்றில் இறங்குவது சுருளி. என் வயதுக்காரன்தான், ஆனாலும் அண்ணே என்பான். இடுப்பில் கயிறு, வாயில் வெற்றிலை. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன்காரரிடம் கேட்டான்:

"ஏங்க பெரியவரே, கிணத்துல முனி கினி இருக்கா?"

"இருந்துச்சு. தண்ணி வத்தவும் போயிருச்சு."

"பாத்தியாண்ணே, முனி கூட மோட்டார் ஓடுற கிணத்துக்குத்தான் குடித்தனம் வருது."

நான் பீஸ் கட்டைகளை உருவினேன். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது. நீலம் வரவில்லை. பீங்கான் கருகி ஒட்டியிருந்தது, இழுத்தால் உடையும் போலிருந்தது.

"அது கெடக்கட்டுமுங்க. ஒரு மாசமா அதுல ஒண்ணும் வரல" என்றார் அண்ணன்காரர்.

உண்மைதான். மரத்திலேயே ஃபியூஸ் இல்லை. விட்டுவிட்டேன்.

மூன்று பார்வையும் பார்த்தேன். கட்டைக்கு முன்னால் சிவப்பில் இருநூற்று முப்பது, உயிர். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரிலும் சைபர், சைபர், சைபர். மறுபடி சிவப்பில் இருநூற்று முப்பது. எல்லாம் சரி. மேடம் சொன்னார்:

"நீலத்துல ஊசியக் கிளிப் போட்டு விட்ருங்கண்ணே. சுருளி கை அங்கன இருக்குற வரைக்கும் உங்க கண்ணு இங்கன இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப் பந்தல் கல்லில் உட்கார்ந்து, கருகிய ஸ்டார்ட்டரின் விவரங்களை நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

சுருளி இறங்கினான். ஒவ்வொரு கல்லாக அவன் பாதம் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. கிணறு அதைச் சற்றுத் தாமதமாகத் திருப்பிச் சொன்னது. அவனுக்குப் பின்னாலேயே இன்னொருவரும் இறங்குவதைப் போலிருந்தது. நான் கிணற்றைப் பார்த்தேன். மீட்டரைப் பார்க்கவில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது.

"மோட்டார் மூடியக் கழத்திட்டேண்ணே. வைக்கவா?"

மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு.

யாரும் எதையும் தொடவில்லை. பலகை அப்படியே இருந்தது. உருவிய கட்டைகள் என் சட்டைப் பையில் கனத்தன. எங்கும் ஒரு மோட்டார் சத்தம் இல்லை. இலை அசையவில்லை. ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த கம்பியில் தொண்ணூற்று நாலு எழுந்து உட்கார்ந்திருந்தது.

நூற்றுக்குக் கீழே. பேய். பல்பு ஜீப்பில் இருந்தது. ஜீப்பு ஐம்பது அடி வெயிலுக்கு அப்பால் நின்றது.

"வையி" என்றேன்.

கிணறு அதை வாங்கிக்கொண்டது. ஒரு கணம் கழித்து, என்னுடைய குரலிலேயே, சற்றுக் கனமாக, "வையி" என்றது.

"எவ்வளவுண்ணே காட்டுது?" மேடம் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தொண்ணூத்தி நாலு மேடம். பேய்தான்."

"ஆடுதா, நிக்கிதா?"

அதை நான் பார்க்கவே இல்லை. பேய் எண் ஒரு இடத்தில் இருக்காது. எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்து மூன்று என்று அலையும். இது நின்றது. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று நாலு. கல்லில் வெட்டியதைப் போல நின்றது.

"நிக்கிது..."

"சுருளீ!"

மேடம் கத்தியதும், கீழே ஸ்பானர் அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் விழுந்ததும் ஒரே சமயம். சுருளி கத்தவில்லை. கயிறு சடாரென்று விறைத்துக் கல்லை அறுத்தது.

மேடம் ஓடிவந்து உறை போட்ட பிளையரால் நீலக் கட்டையைப் பிடித்து இழுத்தார். பீங்கான் இரண்டாக உடைந்து வந்தது. அண்ணன்காரரும் நானும் கயிற்றை இழுத்தோம். சுருளி கண்ணைத் திறந்தபடியே மேலே வந்தான். வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு குழி. ரத்தம் இல்லை. வெற்றிலைச் சாறு மட்டும் தாடையில் வழிந்தது. மூச்சு இருந்தது.

மேடம் வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தோட்டத்தின் அந்தக் கோடியில், தகரக் கொட்டகைக்குள் தம்பிக்காரர் ஸ்டார்ட்டரோடு ஒரு கண்டன்சர் மாட்டியிருந்தார். நீலம் இல்லாத குறைக்கு, இருக்கிற இரண்டு கம்பியிலிருந்து மூன்றாவதை உண்டாக்கி மோட்டாரை ஓட்டும் வித்தை. எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பாதித் தோட்டங்களில் அது உண்டு. உச்சிப்பொழுதில் தன் முறை வந்ததும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். போர் மோட்டார் பூமிக்குள் ஆழத்தில் ஓடும், சத்தம் வெளியே வராது. கண்டன்சர் உண்டாக்கிய பொய்யான மூன்றாவது கம்பி, அவருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டே, பொதுப் பலகை வழியாகத் திரும்பி வந்து, நான் உருவாமல் விட்ட கட்டைக்குள் நுழைந்து, கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது.

தம்பிக்காரர் சேற்றுக் காலோடு ஓடி வந்து நின்றார். "அந்தக் கம்பிதான் செத்துப்போச்சே, அது வழியா எப்படிங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்து வருடம் கழித்து அன்றுதான் அண்ணன் தம்பியிடம் பேசினார். "போயி நிப்பாட்டுடா."

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் சுருளியைச் சேர்த்துவிட்டு ஜீப்பில் திரும்பினோம். என் மடியில் மீட்டர். வயர்களைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன். குனிந்து பார்த்தால், தொண்ணூற்று நாலு. எதிலும் சேராத மீட்டர், சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, இன்னமும் தொண்ணூற்று நாலு. மேடம் கை நீட்டி வாங்கி, ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார். அவர் கத்திய பதற்றத்தில் என் கட்டை விரல் ஹோல்ட் பொத்தானில் பட்டிருக்கிறது. கடைசி எண்ணை அப்படியே பிடித்து வைத்திருக்கும் பொத்தான் அது.

"இது போன எண்ணு அண்ணே" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "சுருளி கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர். கிணறு இரண்டாம் தடவை சொன்னதையும் கேட்டிருப்பார்.

"ஒண்ணும் சொல்லல மேடம்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். அறிக்கையில் எண்ணை எழுதினார், எடுக்காத கட்டையை எழுதினார், என் வாயை எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கோயம்புத்தூருக்கு மாறிப் போகும்போது, அந்த மஞ்சள் மீட்டரை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்:

"நான் சொன்னா அது ரிப்போர்ட்டு. நீங்க சொன்னாத்தான் அது சுருளிக்குச் சொன்ன மாதிரி."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வராமல் போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சுருளி எல்லோரிடமும் ஒரு கதை சொன்னான். கிணற்று முனி அவன் கையைப் பிடித்துக்கொண்டதாம். "வத்துன கிணத்துல பாவம், ஆள் தொணை இல்லாம இருந்திருக்கு" என்றான். தோட்டக்காரர்கள் கிணற்றடியில் ஒரு கல்லை நட்டுப் பொட்டு வைத்தார்கள். யார் சொல்லி அவன் கை வைத்தான் என்று கம்பெனியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. சுருளிக்கு இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. குச்சனூரில் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் வழியில் எள்ளுப் பொட்டலமும் விளக்கும் விற்கும் கடை போட்டான். எனக்கு வருடங்கள் போயின. வேலையில் எந்தக் கம்பியில் ஊசி வைத்தாலும், அடுத்தவர் "வைக்கவா" என்றதும் கிணறு என் குரலில் பதில் சொல்லும். அதற்கு முன்னால் அவசரமாகப் பலகையைத் தட்டிவிடுவேன்.

இதை எழுதி முடிப்பதற்கு முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன சனிக்கிழமை குச்சனூர் போனேன். பகலில், நல்ல கூட்டம். கூட்டம் கரையும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். மீட்டரில் தொண்ணூற்று நாலு இருந்ததை, பல்பு எடுக்கப் போகாததை, பார்த்துக்கொண்டே "வையி" என்றதை.

சுருளி பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டான். மடங்காத விரல்கள் தனியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே, 'வையி'ன்னு எனக்குக் கேட்டுச்சுல்ல. ரெண்டு தடவ கேட்டுச்சு. நான் என்ன செவிடா?"

"அப்ப முனின்னு சொன்னது?"

"உங்க வீட்டுல அப்ப மூணு புள்ளைக. வேலைய விட்டுத் தூக்கிருவாகள்ல? முனின்னா யாரு போயி விசாரிப்பா?" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணுண்ணே. மொதத் தடவ கேட்டது உங்க சத்தம். ரெண்டாவது எனக்குப் பக்கத்துல கேட்டுச்சு. இங்கன, காதுகிட்ட. அதனால முனி இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன்."

அவனே பேச்சை மாற்றினான். "பையில அந்த மஞ்சப் பொட்டி இருக்கா? இந்த சோடா ஃப்ரிட்ஜு தொட்டா சுர்ருங்குது. பத்து நாளா ஒரு துணியச் சுத்தித்தான் தெறக்குறேன்."

மீட்டர் இருந்தது. வயர்களை மடித்துப் பார்த்தேன். சிவப்பு வீட்டில் இருக்கிறதா என்று பார்த்தேன். ப்ளக்கை உருவிப் பார்த்தால், எர்த் கம்பி உள்ளே அறுந்து தொங்கியது. சரியாக முறுக்கித் திருகி, ப்ளக்கை மறுபடி சொருகினேன். பிறகு மூன்று பார்வை. பக்கத்துப் பலகையில் இருநூற்று இருபத்தெட்டு. எண்கள் இரண்டாகத் தெரிந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், ஒன்றாயின. ஃப்ரிட்ஜின் உடம்பில் சைபர். நின்ற சைபர். மறுபடி பலகையில் இருநூற்று இருபத்தெட்டு.

சுருளி துணியைக் கீழே போட்டுவிட்டு அந்த வலது கையை நீட்டினான்.

"வைக்கவா?"

இடது கை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தட்டுவதற்குப் பலகை எட்டவில்லை. ஊசியை மறுபடி ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, கண்ணை எடுக்காமல், சைபரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வையி."

அவன் குழி விழுந்த உள்ளங்கை முழுவதையும் வைத்தான். எந்தப் பக்கத்திலிருந்தும் அந்தச் சொல் திரும்பி வரவில்லை.